வளவு மாமரத்துக்கு வருத்தம் வந்தால்: எதைக் கண்டால் எங்கே பார்ப்பது

எங்கள் வளவு கிளிநொச்சி அக்கராயன் பக்கம். முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் இடையில் ஒரு கறுத்தக்கொழும்பான் நிற்கிறது. அப்பப்பா காடு வெட்டிக் காணி செய்ய வந்த காலத்தில் வைத்த மரம். போர் முடிந்து, 2010இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் இரண்டு சுவர்தான் மிச்சம். மரம் நின்றது. அதன் கீழே தறப்பாள் கட்டித்தான் ஆறு மாதம் இருந்தோம்.

அதனால் அதற்கு ஒன்று என்றால் வீட்டில் ஓர் ஆளுக்கு வருத்தம் வந்த மாதிரித்தான். வருசம் தவறாமல் ஏதாவது வரும். கனடாவில் இருக்கிற சின்னம்மா தொலைபேசி எடுத்தால் எங்களை விசாரிக்குமுன் மரத்தை விசாரிப்பா. பக்கத்து வளவுக்காரரும் தங்கள் மரத்துக்கு என்ன செய்வதென்று வந்து கேட்பார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் இது. உங்கள் மரத்தில் எதைக் காண்கிறீர்களோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

## கை வைக்குமுன்

வேரடியைத் தோண்டச் சொல்லும் இடங்கள் கீழே வரும். வன்னியில் எந்த வளவிலும் புதிதாகத் தோண்டும்போது அலவாங்கை ஓங்கிக் குத்தாதீர்கள். சின்ன மண்வெட்டியால் மேல் மண்ணை வழித்து வழித்து எடுங்கள். உருண்டையாக, குழலாக, துருப்பிடித்த பெட்டி மாதிரி எது தட்டுப்பட்டாலும் அப்படியே விட்டு, வந்த வழியே திரும்பி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்துப்போன வளவாக இருந்தாலும் இதைத்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று. முதல் நாள் பார்ப்பதோடு நிறுத்துங்கள். கத்தி எடுப்பது அடுத்த நாள். பதறிப்போய் அன்றைக்கே வெட்டிய கொப்புகளில் பாதி வெட்டத் தேவையில்லாதவை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

## அடிமரத்தில் துளை, கீழே மரத்தூள்

எங்கள் மரத்துக்கு அதிகம் வருவது இதுதான். விட்டால் மரத்தையே கொண்டுபோவதும் இதுதான்.

முதலில் கறையானா, தண்டு துளைக்கும் வண்டா என்று பாருங்கள். பட்டையின் மேல் மண் கோடு ஏறியிருந்து, தூள் எதுவும் கொட்டாமல் இருந்தால் கறையான். மண்ணைத் தும்புத்தடியால் தட்டிவிட்டு அடியில் உள்ள பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஈரமாகப் பச்சை தெரிந்தால் கறையான் செத்த மேல்தோலை மட்டும்தான் தின்கிறது. அதற்கு மருந்து வேண்டாம். மரத்தடியில் குவிந்து கிடக்கும் சருகையும் பழைய பலகைகளையும் அகற்றி, மண்ணைத் தட்டிக்கொண்டே இருங்கள். அடியில் பட்டை உலர்ந்து உதிர்ந்தால் அந்த இடம் முன்பே செத்திருக்கிறது. ஏன் செத்தது என்று மற்றத் தலைப்புகளில் தேடுங்கள். கறையான் பின்னால் வந்தது.

நார்நாராக மரத்தூள் கொட்டி, துளையிலிருந்து சிவந்த நீர் வடிந்தால் உள்ளே புழு இருக்கிறது. தாய் வண்டு சாம்பல் நிறம், முதுகில் மஞ்சள் புள்ளிகள், உடம்பைவிட நீளமான மீசை. இரவில் வெளிச்சத்துக்கு வந்து விழும். பட்டையில் வெட்டு, வெடிப்பு, கயிறு அரைத்த காயம் இருக்கும் இடமாகப் பார்த்து முட்டை வைக்கும். புழு வெள்ளை நிறம், தலை மண்ணிறம், முற்றினால் நடுவிரலளவு வரும். மாதக்கணக்கில் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும்.

எந்தத் துளை உயிருள்ளது? பழைய மரத்தில் பத்துத் துளை இருக்கும். அவற்றில் எட்டு, வண்டு எப்போதோ வெளியேறிப்போன வெறும் துளை. பொழுதுபடும் நேரத்தில் அடிமரத்தைச் சுற்றி நன்றாகக் கூட்டிவிட்டு, வெறும் உரப்பை ஒன்றைக் கிழித்து விரியுங்கள். விடியப் பாருங்கள். பையில் வெளிறிய, ஈரமான தூள் எங்கே விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே உள்ள துளைதான் வேண்டியது. கறுத்து உலர்ந்த தூள் பழையது.

கம்பி. சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று போதும். துளை நேராகப் போகாது, உள்ளே வளைந்து போகும். அதனால் விறைப்பான கம்பி சரிவராது. நுனியைச் சின்னக் கொக்கியாக மடக்கி, திருகித் திருகி உள்ளே விடுங்கள். ஒரு சாணோ இரண்டு சாணோ போய் மெத்தென்று முட்டும். அங்கே நாலைந்து தரம் திருகி இழுத்தால் புழு வரும், அல்லது கம்பி நுனியில் வெள்ளையாகப் பிசுபிசுப்பு வரும். இரண்டும் வேலை முடிந்ததற்கு அடையாளம்.

எட்டவில்லை என்றால். பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்துக் கம்பியால் உள்ளே தள்ளி, வாயைக் களிமண்ணும் சாணமும் குழைத்து அடையுங்கள். ஒரு கிழமை கழித்து மறுபடி உரப்பை விரித்துப் பாருங்கள். தூள் விழுந்தால் புழு வேறு வாய் வைத்திருக்கிறது. அதைத் தேடி அடையுங்கள். எங்கள் மரத்தில் ஒரு துளைக்கு இப்படி நாலு கிழமை போனது. பஞ்சு நனைகிற அளவுக்கு மேல் மண்ணெண்ணெய் தேவையில்லை. போத்தலோடு ஊற்றாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். மிளகாய்க் கண்டுக்கு அடிக்கிற பூச்சிநாசினியை ஒருமுறை கடையில் தந்தார்கள் என்று நான் ஊற்றினேன். புழு சாகவில்லை. துளையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை வெந்து உரிந்தது. அந்தத் தழும்பு இன்னும் மூடவில்லை.

காயத்துக்குப் பசை. சுத்தம் செய்த இடத்துக்கும், கொப்பு வெட்டிய இடத்துக்கும் போர்டோ பசை பூசுங்கள். வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். இரவே போட்டுவைத்தால் நல்லது. 100 கிராம் சுண்ணாம்பை வேறு அரை லீற்றரில் கரையுங்கள். பிளாஸ்ரிக் வாளியோ மண்சட்டியோ மட்டும். இரும்புச் சட்டி கூடாது. இரண்டையும் மூன்றாவது வாளியில் ஒரே நேரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். பிறகு நன்றாகத் தீட்டிய கத்தி அலகை ஒரு நிமிடம் அதில் பிடியுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது; இன்னும் கொஞ்சம் கரைத்து விட்டு மறுபடி பாருங்கள். படியாவிட்டால் சரி. அன்றைக்கே பூசி முடித்துவிடுங்கள், வைத்திருந்தால் பலன் குறையும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்ப வராமல் இருக்க நாங்கள் செய்தது, அடிமரத்தில் எதுவும் கட்டுவதில்லை என்று வீட்டில் ஒரு கட்டுப்பாடு போட்டதுதான். மாடு, ஆடு, ஊஞ்சல், உடுப்புக் காயப்போடும் கம்பி எதுவும் இல்லை. ஊஞ்சலைப் பக்கத்தில் நிற்கும் வேம்புக்கு மாற்றினோம், பிள்ளைகளுக்குக் கோபம்தான்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: பட்டையைச் சுத்தியல் பிடியால் சுற்றிவரத் தட்டுங்கள். செத்த இடம் பொத்தென்று கேட்கும். அந்தச் சத்தம் மரத்தின் சுற்றளவில் பாதிக்கு மேல் வந்தால், அல்லது துளை பெருங்கவரில், வீட்டுக் கூரைக்கு மேலே இருந்தால், அது வீட்டு வைத்தியத்தைத் தாண்டியது. கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். போக முடியாதவர்கள் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

## மரம் முழுக்க இலை சிறுத்து, நிழல் மெலிந்துவிட்டது

ஒரு கொப்பில் இல்லை, எல்லாக் கொப்பிலும். முன்பு நண்பகலில் கீழே பாய் விரித்துப் படுத்தால் வெயில் பொட்டுக் கூட விழாது. இப்போது நிலம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெயில். இப்படி இருந்தால் மேலே பார்ப்பதில் பயன் இல்லை. அடியைப் பாருங்கள்.

ஆடி, ஆவணியா? சோளகக் காற்று வீசி நிலம் வெடித்த காலத்தில் இலை தொய்ந்து நின்றால் முதலில் தண்ணீர். அடிமரத்தில் ஊற்றாதீர்கள். நண்பகல் நிழலின் விளிம்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் தண்ணீர் குடிக்கிற வேர் இருக்கிறது. அந்த வட்டத்தில் அரையடி ஆழத்துக்குச் சின்ன வாய்க்கால் இழுத்து, ஒருமுறை நன்றாக ஊறவிட்டு இரண்டு கிழமை விடுங்கள். தினம் ஒரு வாளி ஊற்றுவதைவிட அது நல்லது. இரண்டாம் தண்ணீருக்கு இலை நிமிர்ந்தால் வேறு வருத்தம் இல்லை.

அடிமரம் நிலத்தில் எப்படி இறங்குகிறது? நல்ல மரம் நிலத்தோடு சேரும் இடத்தில் யானைக்கால் மாதிரி அகன்று இறங்கும். உங்கள் மரம் மின்கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் போனால், அடியில் மண் ஏறியிருக்கிறது. வேர் மூச்சு முட்டிக் கிடக்கிறது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து வளவுகளில் நின்ற பழைய மரங்கள் பல இப்படித்தான் போயின. எங்கள் மரமும் போகப் பார்த்தது. 2013இல் வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டும்போது, மாரிக்கு வெள்ளம் ஏறாமல் இருக்கட்டும் என்று முற்றத்துக்கு இரண்டடி கிரவல் போட்டு உயர்த்தினோம். கட்டிடக்காரர் மரத்தடியையும் சேர்த்து நிரவிவிட்டார். எங்களில் ஒருவரும் தடுக்கவில்லை. முற்றம் மட்டமாக வந்ததில் எல்லோருக்கும் சந்தோசம். அடுத்த வருசமும் அதற்கடுத்த வருசமும் மரம் காய்த்தது. நாலாவது வருசம்தான் இலை சிறுத்தது. போட்ட மண்ணையும் மரத்தையும் அப்போது சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. உரம் வைத்தோம், மருந்து அடித்தோம், நேர்த்தியும் வைத்தோம். பெரியப்பா ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டு, "மரத்தின்ர கால் எங்க?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் விளங்கியது.

செய்ய வேண்டியது: அடிமரத்தைச் சுற்றி மூன்றடி தூரத்துக்குப் போட்ட மண்ணைக் கையாலும் சின்ன மண்வெட்டியாலும் எடுத்து, அகன்ற வேர்கள் தெரியும் வரை இறங்குங்கள். வேர்த்தோலில் கீறல் விழக்கூடாது. அதற்கு வெளியே, நிழல் விளிம்பை நோக்கி வண்டில் சில்லின் ஆரக்கால் மாதிரி நாலைந்து ஒடுக்கமான கான் வெட்டி, இலைகுழையும் உக்கிய எருவும் நிரப்புங்கள். எங்கள் பிழையை நீங்கள் செய்யாதீர்கள்: அடியைத் தோண்டினோம், தண்ணீர் வெளியே போக வழி விடவில்லை. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் வெள்ளத்தில் நின்றபோது அந்தக் குழி ஐந்து நாள் குளமாக நின்றது. தோண்டிய அன்றைக்கே ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். மரம் தெளிய இரண்டு மாரி பிடித்தது. முதல் மாரியில் ஒன்றும் தெரியாது, மனம் விடாதீர்கள்.

சீமெந்து போட்ட முற்றமா? நிழலுக்குள் பாதிக்கு மேல் சீமெந்து என்றால் ஒரு பகுதியையாவது உடைத்து எடுங்கள்.

குப்பை எரித்தீர்களா? மரத்தடியில் சருகு கூட்டி எரிப்பது எங்கள் எல்லோரிடமும் உள்ள பழக்கம். பூ வரட்டும் என்று அம்மம்மாவும் புகை போடுவா. புகைக்குப் பாதகமில்லை, நெருப்புச் சூடு பட்டைக்கு ஆகாது. எரித்த பக்கத்துப் பட்டையைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்றால் அந்தப் பக்கத்து வேர் பட்டினி கிடக்கிறது. எரிப்பதை நிறுத்துவதுதான் மருந்து.

களைநாசினி? இலை சிறுத்ததோடு முறுகியும் சுருண்டும் வந்தால், வேலியோரமோ பக்கத்து வயலிலோ எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள். சண்டைக்குப் போகாமல் கேளுங்கள். உண்மை வேண்டும். மழை கழுவும் வரை பொறுத்திருப்பதைவிட வேறு வழி இல்லை.

இவை ஒன்றும் இல்லை, ஆனால் மரம் மெலிகிறது என்றால் வேர் அழுகலாக இருக்கலாம். அதற்குக் கீழே காளான் பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

## ஒரு பக்கத்துக் கொப்பு மட்டும் காய்கிறது

காய்ந்த கொப்பின் அடியில் தொடங்கி நுனி வரை கண்ணால் ஏறிப் பாருங்கள். இலை வேறுமாதிரி இருக்கிறதா? மாவிலையைவிடத் தடித்து, சாம்பல் படிந்த பச்சையாக, ஒரு புதர் மாதிரிக் கொப்பில் உட்கார்ந்திருந்து, செம்மஞ்சள் குழல் பூ பூத்திருந்தால் அது குருவிச்சை. குருவி அதன் பழத்தைத் தின்றுவிட்டு, பசைக் கொட்டையைக் கொப்பில் தேய்த்துவிட்டுப் போகும். அங்கேயே முளைத்து, கொப்புக்குள் வேர்விட்டு மரத்தின் சாற்றைக் குடிக்கும்.

எல்லோரும் செய்யும் பிழை, கொக்கத்தடியால் குருவிச்சையை மட்டும் இழுத்து முறிப்பது. உள்ளே இருக்கும் வேரிலிருந்து மறுபடி தளிர்க்கும். அது ஒட்டிய இடத்திலிருந்து அடிமரப் பக்கமாக ஓரடி தள்ளிக் கொப்போடு வெட்ட வேண்டும். காய் பறித்து முடிந்து மாரி தொடங்குமுன், ஆவணி புரட்டாசியில் வெட்டுவது நல்லது. பூக்க முந்தி வெட்டினால் அடுத்த கொப்புக்குப் பரவாது.

கைத்தடியைவிடப் பருத்த கொப்பை ஒரே வெட்டில் மேலிருந்து வெட்டினால், பாதியில் முறிந்து அடிமரப் பட்டையை உரித்துக்கொண்டு தொங்கும். முதலில் கீழ்ப் பக்கத்தில் மூன்றிலொரு பங்கு அறுங்கள். அதற்கு ஒரு சாண் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்து விழுத்துங்கள். மிஞ்சிய கட்டையைக் கடைசியில், கழுத்து மாதிரித் தடித்திருக்கும் இடத்தை விட்டு, அதற்கு வெளியே அறுத்துப் பசை பூசுங்கள்.

குருவிச்சை இல்லை, நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்கிறது, செத்த இலை உதிராமல் தொங்குகிறது, இடையிடையே பிசின் துளி நிற்கிறது என்றால் நுனிச்சாவு. வரட்சியில் களைத்த மரத்துக்குப் பூஞ்சணம் ஏறிய வேலை. நகத்தால் தோலைச் சுரண்டிக்கொண்டே கீழே வாருங்கள். மண்ணிறம் முடிந்து பச்சை தொடங்கும் இடத்துக்கும் கீழே நாலு விரல் நல்ல கொப்பையும் சேர்த்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டியதை மரத்தடியில் போடாமல் தூரக் கொண்டுபோய் எரியுங்கள்.

கொப்பு மின்கம்பிக்குப் பக்கத்தில் என்றால் ஏணியே வைக்காதீர்கள். மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். ஏறத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு கயிறில்லாமல் ஏறுகிறவரையும் ஏற விடாதீர்கள்.

## பூக்கவில்லை, அல்லது பூத்துக் கொட்டுகிறது

பூக்காததற்குக் காரணம் மரத்தைவிட வருசத்தில்தான் அதிகம். போன வருசம் கொப்பு முறியக் காய்த்திருந்தால் இந்த வருசம் ஓய்வு. மாரி தை வரை இழுத்துக்கொண்டு போனால் பூவுக்குப் பதிலாகச் செந்தளிர் தள்ளும். அதைக் கண்டால் அந்தப் பக்கத்துக் கொப்புகளுக்கு இந்த வருசம் அவ்வளவுதான். யூரியா வைத்திருந்தாலும் இதே கதை. எரு வைப்பது காய் பறித்த பிறகு, ஐப்பசி மழை தொடங்கும்போது, நிழல் விளிம்பில். மழை ஓய்ந்து காய் மணியளவு வரும் வரை வேறு எதுவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

பூத்துக் கொட்டினால் ஒரு பூங்கொத்தை வெள்ளைத் துணிக்கு மேலே பிடித்துத் தட்டுங்கள். ஆப்பு வடிவத்தில் சின்னப் பூச்சிகள் பக்கவாட்டில் தத்தினால் தத்துப்பூச்சி. பூக்கொத்தில் மா தூவிய மாதிரி வெள்ளை படிந்திருந்தால் சாம்பல் நோய். பனி விழும் காலைகளில் வரும். கறுப்புப் பொட்டு விழுந்து கொத்தே கருகினால் மழைக்கு வந்த பூஞ்சணம். வெள்ளைக்குக் கரையும் கந்தகம் கேட்கும். அளவு பொதியில் போட்டிருக்கும்படி. தத்துப்பூச்சிக்கு, உள்ளே இருண்டு கிடக்கும் குறுக்குக் கொப்புகளை முன்கூட்டியே நீக்கி வெளிச்சம் விடுவது மருந்தைவிட நல்லது.

ஆனால் நாற்பதடி மரத்துக்கு முதுகுத் தெளிகருவியால் அடித்தால் எட்டாது. எட்டினது பாதி, உங்கள் முகத்தில் விழுவது பாதி. பூ விரிந்து ஈயும் தேனீயும் மொய்க்கும் நேரத்தில் எந்த மருந்தும் கூடாது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் ஒன்றிரண்டுதான் காயாக நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நிலம் முழுக்கப் பூ கொட்டிக் கிடப்பதைக் கண்டு பயந்து மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்கள் கொஞ்சப்பேர் இல்லை.

## இலை மேல் கரி பூசின மாதிரிக் கறுப்பு

விரலால் தேயுங்கள். வந்துவிட்டால் இலைக்கு ஒன்றும் இல்லை. சாறு குடிக்கும் பூச்சி விட்ட தேன் நீரில் படிந்த பூஞ்சணம் அது. இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சோ செதிலோ தெரியும், எறும்பும் ஏறி இறங்கும். எட்டும் கொப்பை வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்த தண்ணீரால் கழுவுங்கள். மற்றதை மாரி கழுவும். இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பான முசுறு கூடு கட்டியிருந்தால் கலைக்காதீர்கள், பல பூச்சியை அது தின்னும். கடிக்குப் பயந்தால் காய் பறிக்கும் கொப்பில் மட்டும் அகற்றுங்கள்.

## பழத்துக்குள் புழு

பழ ஈ. விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கி, பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள் அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். பழம் பழுக்குமுன், முற்றியதும் பறியுங்கள். ஒரு வளவில் மட்டும் செய்தால் பலன் குறைவு. பக்கத்து வளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொட்டைக்குள் மட்டும் வண்டு இருந்தால் பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

## அடியில் காளான், பொந்து, சாய்வு

இந்த மூன்றுக்கும் வீட்டு வைத்தியம் இல்லை. பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.

அடிமரம் நிலத்தோடு சேரும் இடத்தில் அரைத்தட்டு மாதிரி, மேலே பளபளத்த மண்ணிறமும் விளிம்பில் வெள்ளையுமாகக் காளான் வந்தால் உள்ளே வேர் உக்குகிறது. காளானைப் பிடுங்கி எறிவதால் உக்கல் நிற்காது. மேலே மரம் பச்சையாகவே நிற்கும். காற்றடித்தால் அடியோடு சரியும். போதனாசிரியருக்குக் காட்டாமல் ஒரு மாரியும் கடக்க விடாதீர்கள்.

பொந்து இருப்பதாலேயே மரம் ஆபத்து என்று இல்லை. பழைய மரம் நடுவில் வெறுமையாகவே நூறு வருசம் நிற்கும். ஒரு கம்பியை உள்ளே விட்டு, சுற்றியுள்ள நல்ல மரம் எவ்வளவு தடிப்பு என்று பாருங்கள். இரண்டடி விட்டமுள்ள மரத்தில் நாலு அங்குலத்துக்குக் குறைந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். சீமெந்து போட்டு அடைக்காதீர்கள். அது மரத்தோடு சேர்ந்து ஆடாது, உள்ளே ஈரத்தைத் தேக்கி உக்கலைக் கூட்டும். பொந்தில் தேன்பூச்சி இருந்தால் விட்டுவிடுங்கள்.

சாய்வில் பழையது, புதியது என்று இரண்டு. சாய்ந்த அடிமரம் மேலே போகப் போக வளைந்து நிமிர்ந்திருந்தால் மரம் எப்போதோ சரிக்கட்டிக்கொண்டது. நேராக நின்ற மரம் நேராகவே சரிந்திருந்தால், சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கம் போய் நிலத்தைப் பாருங்கள். மண் வெடித்து உயர்ந்திருந்தால் வேர் அறுகிறது. 2020 மார்கழி இரண்டாம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு புளி இப்படித்தான் உயர்ந்து நின்றது. விழுந்தது மூன்றாம் நாள், காற்றே இல்லாத மத்தியானம். அந்த வெடிப்பைக் கண்டால் அன்றிரவே அந்தப் பக்கத்து அறையில் படுக்காதீர்கள். கயிறு கட்டி நிறுத்தப் பார்க்க வேண்டாம்.

தறிப்பது என்று முடிவானால் கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் சொந்த வளவிலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. மற்ற மரம் என்றாலும் வெட்டின மரத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமானால் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

## பட்டையில் நீலக் கறுப்புக் கோடு, வாள் பட்டால் தீப்பொறி

இரும்பு. ஷெல் துண்டோ ரவையோ உள்ளே இருந்து, மரச்சாற்றோடு சேர்ந்து கறுப்பாக இறங்குகிறது. எங்கள் மரத்தில் கண்ணுக்குத் தெரியும் தழும்பு ஐந்து. மரம் மூடிவிட்ட துண்டைத் தோண்டி எடுக்காதீர்கள். எடுக்கும் காயம் இருக்கும் காயத்தைவிடப் பெரிதாகும். காந்தம் வைத்துப் பார்த்தால் மேலோட்டமாக உள்ளதுதான் தெரியும், ஆழத்தில் உள்ளது தெரியாது. அதனால் கொப்பு வெட்டக் கூப்பிடும் ஆளிடம் முதலிலேயே சொல்லுங்கள். இயந்திர வாள் இரும்பில் பட்டால் சங்கிலி அறுந்து முகத்துக்கு வரும். ஒரு சங்கிலியின் விலையையும் பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுவது மரியாதை.

துண்டாக இல்லாமல் முழுதாக ஏதாவது கவரிலோ பொந்திலோ சிக்கியிருந்தால், தொடாமல் 119.

## இனிப் பிழைக்காது என்று தெரிந்தால்

அப்படித் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். செத்த மரத்திலிருந்து ஒட்டு எடுக்க முடியாது. கொட்டை போட்டால் அதே பழம் வரும் என்று நம்பி இருக்கவும் முடியாது.

பூக்காத கொப்பின் நுனியில், பென்சில் தடிப்பில், மூன்று நாலு மாதம் முற்றிய தளிராகத் தேருங்கள். இலைக் காம்பை மட்டும் விட்டு இலைகளை நறுக்கிவிட்டு ஒரு கிழமை, பத்து நாள் விடுங்கள். காம்பு தொட்டால் விழும், நுனி மொட்டு திரளும். அப்போது ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீனில் வைத்து, முடிந்தால் அன்றைக்கே ஒட்டுக்கட்டத் தெரிந்த நாற்றுமேடைக்காரரிடம் கொண்டுபோங்கள். ஒன்றிரண்டோடு நிற்காமல் ஏழெட்டுக் கட்டச் சொல்லுங்கள், எல்லாம் பிடிக்காது. பிடித்த கன்றை ஐப்பசி மழையோடு, பழைய மரத்திலிருந்து முப்பதடி தள்ளி, ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள்.

எங்கள் மரத்தில் எடுத்த ஏழில் மூன்று பிடித்தது. ஒன்று கிணற்றடிக்கு மேற்கே நிற்கிறது, ஒன்று பெரியப்பா வளவில். மூன்றாவது இன்னும் பையில் இருக்கிறது, இந்த ஐப்பசிக்கு.